அயல்நாட்டுப் புனிதரும் நம் ஆலயச் சாளரமும்

சில மாதங்களுக்கு முன் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பங்கு ஒன்றின் கத்தோலிக்கக் குருவானவர், நம் நெடுநாளைய நண்பர், ஒரு காரியம் குறித்து நம் கருத்தைக் கேட்டார். அவருடைய பங்கைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் அயர்லாந்தின் கார்க் நகரில் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறார். புதிதாகக் கட்டப்படும் தம் ஊர் ஆலயத்துக்கு மூன்று வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை அவர் காணிக்கையாகத் தர விரும்புகிறார். அவற்றில் இடம்பெற வேண்டியவர்கள் பேட்ரிக், பிரிஜித், கோப்நெட் என்னும் ஐரிஷ் புனிதர்கள் மூவர் என்பதே அவருடைய வேண்டுகோள். குருவானவருக்கு மறுக்கவும் மனமில்லை, ஏற்கவும் துணிவில்லை.

நாம் சற்றும் யோசியாமல் விடை கூறிவிட்டோம். "ஓரியூர் பக்கத்தில் இருக்க, அயர்லாந்து எதற்கு?" என்றோம். நண்பர் சிரித்தார், ஆனால் அவருடைய முகம் தெளியவில்லை. வீடு திரும்பிய பின் நமக்கும் தெளிவில்லை. படங்களைப் பற்றிய கேள்வி எழும்போதெல்லாம் புராட்டஸ்தாந்துப் போதகருக்கு விடை முன்னதாகவே நாவில் நிற்கிறது. கேள்வியை முழுவதும் கேட்கும் பொறுமைதான் குறைவு. அந்தக் குறையைச் சரிசெய்து கொள்ளும் முயற்சியாகவே இதனை எழுதுகிறோம்.

1. கார்க் நகரத்துச் சிற்றாலயம்

அச்செவிலியர் மனத்தில் பதிந்திருப்பது கார்க் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஹோனன் சிற்றாலயம். அக்கல்வி நிலையம் அரசின் பணத்தைச் சமய வழிபாட்டுக்குச் செலவிட இயலாத அமைப்புடையது. ஆகவே தனியார் கொடையால்தான் அங்கு ஆலயம் எழ முடிந்தது. கார்க் நகர வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த இசபெல்லா ஹோனன் 1913இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தை நிருவகித்த வழக்கறிஞர் ஜான் ஓ'கானல் அதன் ஒரு பகுதியைக் கொண்டு இவ்வாலயத்தை எழுப்பினார். 1916 நவம்பரில் அது அர்ப்பணிக்கப்பட்டது. அயர்லாந்தின் பழைய ஆலயங்களைப் போலச் சிறியதாகவும் எளியதாகவும் கட்டிடம் அமைந்தது. சாளரங்கள் பத்தொன்பது, அவற்றுள் பதினொன்றை ஹாரி கிளார்க் என்னும் இளங்கலைஞர் செய்தார். எஞ்சிய எட்டும், 'கண்ணாடிக் கோபுரம்' எனப் பொருள்படும் ஐரிஷ் பெயர் கொண்ட டப்ளின் நகரப் பட்டறையில் உருவாயின. அச்சாளரங்களில் பெரும்பாலும் இடம்பெற்றோர் அந்நாட்டுப் புனிதர்களே.

கிளார்க்கின் வேலையை நல்ல நிழற்படங்களில் மட்டுமே நாம் கண்டுள்ளோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சுவரில் வரைந்த ஓவியத்தின்மேல் ஒளி விழுகிறது. கண்ணாடி ஓவியத்தின் ஊடாகவே ஒளி வருகிறது. இந்த வேறுபாட்டைக் கிளார்க் நன்கு அறிந்திருந்தார். வெளிர்க் கண்ணாடியின்மேல் மெல்லிய வண்ணப் படலம் ஏற்றிய தகடுகளை எடுத்து, அமிலத்தால் அப்படலத்தை இடத்துக்கு இடம் அரித்து, ஒரே நீலத்தில் பல நீலங்களைத் தோற்றுவித்தார். கோப்நெட் சாளரத்தில் அந்த நீலம் ஆழ்கடல் போல் உள்ளது. தேனீக்களைக் கொண்டு திருடரை விரட்டியவர் என்றும், கொள்ளைநோயைத் தம் ஊருக்கு வெளியே நிறுத்தியவர் என்றும் மரபு கூறும் அந்தப் பெண் துறவி, வெளிறிய முகத்துடன் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். நம்மை நோக்கவில்லை. வணங்குவோரின் கண்களைத் தேடாத புனிதர் என்பது நமக்கு ஆறுதலான செய்தியே.

எனினும் குறையும் சொல்ல வேண்டும். கிளார்க்கின் நுணுக்கம் சில வேளைகளில் அவரையே மீறிவிடுகிறது. ஆடையின் ஒவ்வோர் அங்குலமும் மணிக்கற்கள் பதித்தாற்போல் மின்னுகிறது. முகங்களில் அரச சபையின் தளர்ச்சியும் விநோதமும் காணப்படுகின்றன. வறியவர்களுடன் வாழ்ந்த துறவியர் இப்படித்தான் இருந்திருப்பார்களா என்னும் ஐயம் எழாமல் இல்லை. கண்ணாடியின் தொழில் ஒளிக்கு வழிவிடுவது. அழகு மிகுந்துவிட்டால் கண் கண்ணாடியிலேயே நின்றுவிடும். இது கலைக்கு மட்டும் உரிய ஆபத்தன்று, பிரசங்கத்துக்கும் உரியது.

2. கண்ணாடியை உடைத்தவர்களும் செய்தவர்களும்

இச்சாளரங்களின் பின்னணி நமக்கு மிகவும் முக்கியம். 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் கத்தோலிக்க ஆலயங்கள் பெருகியபோது, சாளரங்கள் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து குவிந்தன. பட்டியலைப் பார்த்துத் தெரிவு செய்து, பணம் அனுப்பினால், இன்னும் எத்தனையோ ஊர்களுக்குச் சென்ற அதே முகங்கள் இவ்வூருக்கும் வரும். இந்நிலையை வெறுத்தவர்களுள் ஒருவர் எட்வர்ட் மார்ட்டின் என்னும் கத்தோலிக்க நிலக்கிழார். அவருடைய தூண்டுதலின்பேரில் 1903இல் 'கண்ணாடிக் கோபுரம்' பட்டறையைத் தொடங்கி நடத்தியவர் சாரா பர்சர் என்னும் ஓவியர். அவர் புராட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடன் பணியாற்றிய கலைஞர்களிலும் புராட்டஸ்தாந்தர் பலர் இருந்தனர். லாக்ரே நகரத்துக் கத்தோலிக்கப் பேராலயத்தின் சாளரங்களில் பலவற்றையும், ஹோனன் ஆலயத்தின் எட்டுச் சாளரங்களையும் செய்தது இப்பட்டறையே.

இதனை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே தீவின் கில்கென்னி நகரில் புனித கேனிஸ் பேராலயம் உள்ளது. அதன் கீழ்ப்புறப் பெருஞ்சாளரத்தின் அழகைக் கண்ட போப்பின் தூதர் ரினூச்சினி, 1645இல் எழுநூறு பவுன் கொடுத்து அதனை வாங்க முன்வந்தார் என்றும், பேராயர் கொடுக்க மறுத்தார் என்றும் கூறுவர். 1650இல் கிராம்வெல்லின் படையினர் நகரைப் பிடித்தபோது அக்கண்ணாடி நொறுங்கியது. இங்கிலாந்தில் கான்டர்பரிப் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை 1643இல் தம் கையாலேயே உடைத்தவர் ஒரு போதகர். உடைத்தவர்கள் நம் வழியினர். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கத்தோலிக்க ஆலயத்துக்காக ஈயப் பட்டைகளில் கண்ணாடித் துண்டுகளை மீண்டும் பொருத்தியவர்களிலும் நம் வழியினர் இருந்தனர். இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே நம் மாணவர்கள் படிக்க வேண்டும்.

சீர்திருத்தத்தின் போதனை உடைப்பதுதானா? 1522 மார்ச்சில் லுத்தர் விட்டன்பர்க் நகருக்குத் திரும்பி வந்து தொடர்ச்சியாகப் பிரசங்கித்தபோது, படங்களைப் பலவந்தமாக அகற்றுவதை எதிர்த்தார். இருதயத்தில் இருக்கும் விக்கிரகம் சுவரிலுள்ளதை உடைப்பதால் போய்விடாது என்பது அவருடைய கருத்தின் சாரம். 1530இல் வெளியான அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 21ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பரிசுத்தவான்களை நோக்கி மன்றாடுவதற்கு வேதத்தில் ஆதாரமில்லை. மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே. ஆயினும் அவர்களுடைய விசுவாசத்தையும் நற்செயல்களையும் நாம் பின்பற்றும் பொருட்டு அவர்களை நினைவுகூரலாம். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரம் சாட்சிகளை வரிசையாக நிறுத்துவதும், அடுத்த அதிகாரத்தின் தொடக்கம் நம் கண்களை இயேசுவின்மேல் திருப்புவதும் இதே நோக்கில்தான். ஆகவே, படம் வேண்டுமா வேண்டாமா என்பதில் விவாதத்தை நிறுத்துவது சோம்பல். எத்தகைய நினைவை அது எழுப்புகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

3. தமிழகத்தின் அனுபவம்

நம் நாட்டுக்கு வந்த வண்ணக் கண்ணாடிகளும் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. சென்னை சாந்தோம் பேராலயத்தில் தோமாவையும் உயிர்த்த ஆண்டவரையும் காட்டும் சாளரம் மியூனிக் நகரத்து மேயர் நிறுவனத்தாருடையது. புதுச்சேரி திரு இருதய ஆலயத்தில் புனிதர்களைக் காட்டும் சாளரங்கள் இருபத்தெட்டு. கத்தோலிக்கரை மட்டும் குறிப்பிடுவது நீதியன்று. தெலங்கானாவில், பஞ்சகாலத்தில் ஏழைகளுக்கு வேலையும் உணவும் கொடுத்து மெதடிஸ்ட் மிஷனரி பாஸ்நெட் எழுப்பியதும், 1924இல் அர்ப்பணிக்கப்பட்டதுமான மேதக் பேராலயத்தின் புகழ்பெற்ற மூன்று சாளரங்களையும் தீட்டியவர் ஃபிராங்க் சாலிஸ்பரி என்னும் ஆங்கில ஓவியர். அழகானவையே. ஆனால் கல் சுமந்த மக்களின் முகம் அவற்றில் உண்டா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கு மாறான மரபும் நம் மண்ணில் உண்டு. நம் மாவட்டத்து ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குரு பூஷே திருப்பணியை ஊன்றினார். இப்போதுள்ள ஆலயம் 1747ஆம் ஆண்டினது. அங்கு அன்னை மரியாள் தாங்கும் பெயர் பெரியநாயகி. வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் நிறுவிய பெரியநாயகியின் உருவமோ, மணிலாவில் செய்யப்பட்டு வந்தது என்பர். ஆனால் கப்பலில் வந்தவள் தமிழ்ப் பெண்ணாக வந்தாள். அவருடைய தேம்பாவணியில் யூதேயா நாடு தமிழ்க் காப்பிய மரபின்படி வயலும் புனலுமாய் விரிவதை அறிவோம். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பது அவ்வளவு முக்கியமன்று, யாருடைய கண்ணுக்காகச் செய்யப்பட்டது என்பதே முக்கியம் என்று இவை கற்பிக்கின்றன.

புதுக்கோட்டைக்காரருக்கு இன்னும் பழைய ஆசிரியர் ஒருவர் உண்டு. சித்தன்னவாசல் அறிவர் கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததைப் பாண்டியன் சீவல்லபன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்விதானத்தில் சமணர் தம் பரிசுத்த சபையைக் காட்டுகின்றனர். எதைக் கொண்டு? தாமரை, மீன், அன்னம், எருமை, யானை கொண்ட ஒரு குளத்தைக் கொண்டு! கண்மாய்க்கரையில் வளர்ந்த எந்தச் சிறுவனும் அண்ணாந்து பார்த்து, இது நம் குளம் என்பான். விண்ணகத்தை அறிமுகப்படுத்த அவனுடைய குளத்தையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அயர்லாந்தின் 'கண்ணாடிக் கோபுரம்' நாடியதும் இதுவே. ஆகையால் ஐரிஷ் சாளரங்களின் பாடத்தைச் சரியாகக் கற்றவர், அவற்றை அப்படியே பெயர்த்து இங்கே வைக்க மாட்டார். அப்படி வைத்தால், மியூனிக் அயர்லாந்துக்குச் செய்ததை அயர்லாந்து நமக்குச் செய்ததாக முடியும்.

இன்னொரு நடைமுறைக் காரியமும் உண்டு. மேக மூட்டமும் தாழ்ந்த சூரியனும் உள்ள நாட்டில் சாளரம் ஒளியைத் தேடுவதற்காக உள்ளது. நம் ஊரில் சாளரம் காற்றுக்காக உள்ளது. சித்திரை மாதத்து ஞாயிறு ஆராதனையில், திறக்க இயலாத கண்ணாடியின் அருகே அமர்ந்திருப்பவர் எந்தப் புனிதரையும் நினைவுகூர மாட்டார். மேலே சிறு பகுதியில் வண்ணமும் கீழே திறக்கும் கதவுமாக அமைப்பதே விவேகம்.

4. அயலார் யார்?

இதுவரை எழுதியது நம் முதல் விடையையே உறுதிப்படுத்துவது போலத் தோன்றும். ஆனால் அந்த விடையைக் குலைப்பவர் அந்த மூவருள் முதல்வரான பேட்ரிக். அயர்லாந்தின் புனிதர் எனப்படும் அவர் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். ரோம ஆட்சியில் இருந்த பிரிட்டனில் பிறந்தவர். ஏறத்தாழ 16 வயதில் கொள்ளையரால் பிடிபட்டு, அயர்லாந்தில் அடிமையாய் ஆறு ஆண்டுகள் மந்தை மேய்த்தார். தப்பி ஓடி, பின்பு தம்மை அடிமையாக்கியவர்களிடமே சுவிசேஷத்தோடு திரும்பினார். இவற்றைத் தம் அறிக்கையில் அவரே எழுதியுள்ளார். நாம் குருவானவரிடம் எடுத்துக்காட்டிய ஓரியூரின் அருளானந்தரும் லிஸ்பன் நகரில் பிறந்தவரே. 1693இல் அவருடைய இரத்தம் ஓரியூர் மணலில் சிந்தியது. நாம் அவரை நம்மவர் என்கிறோம். ஐரிஷ் மக்கள் பேட்ரிக்கைத் தம்மவர் என்கின்றனர். பிறப்பிடம் ஒருவரை அயலாராக்குவதில்லை. ஒரு மக்களின் பாடுகளில் பங்கேற்றவர் அவர்களுக்கு அயலார் அல்லர். நல்ல சமாரியன் உவமை நமக்குத் தெரியாததா? நாம் கேலியாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை, நாம் காட்டிய எடுத்துக்காட்டே திருத்திவிட்டது.

அயர்லாந்தும் தமிழகத்துக்கு முற்றிலும் அயலான நாடு அன்று. 1842இல் சென்னைக்கு வந்து பெண் கல்விக்குப் பாடுபட்ட பிரசென்டேஷன் கன்னியர் அங்கிருந்து வந்தவர்கள். நம்முடைய பேராயர் கால்டுவெல் பிறந்ததும், தோனாவூரின் ஏமி கார்மைக்கேல் பிறந்ததும் அத்தீவின் வடபகுதியில்தான். முன்பு அங்கிருந்து இங்கு வந்தார்கள். இப்போது இங்கிருந்து செவிலியர் அங்கே செல்கின்றனர்.

பின்னொரு நாள் குருவானவர் அந்தச் செவிலியரைப் பற்றி மேலும் சொன்னார். முதல் குளிர்காலத்தில், இரவுப்பணி முடிந்து, பேசத் துணையின்றி, அவர் அந்தச் சிற்றாலயத்தில் போய் அமர்வாராம். நோயாளிகளின் துணையாக அங்கு மதிக்கப்படும் கோப்நெட்டின் நீலச் சாளரத்தில் விடியல் மெல்ல ஏறுவதைப் பார்த்துவிட்டு, அறைக்குத் திரும்புவாராம். "அந்தக் கண்ணாடி இல்லையென்றால் நான் ஊருக்குத் திரும்பியிருப்பேன், சாமி" என்று எழுதியிருந்தாராம். இதைக் கேட்டபோது நாம் வெட்கினோம். பெருமைக்காகப் பட்டியலிலிருந்து தெரிவு செய்தவர் என்று அவரை மனத்துள் தீர்த்துவிட்டோம். அவரோ தனிமையில் தமக்குத் துணைநின்ற சாட்சியைத் தம் ஊராருக்கு அறிமுகப்படுத்த விரும்பினார்.

5. உபயம்

இனி, கொடையைக் குறித்து. தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடுகள் விட்ட செய்தி மிகுதி. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள். 'சாவா மூவாப் பேராடு' என்று அவற்றுக்குப் பெயர். சாவதும் மூப்பதும் புதிய குட்டிகளால் ஈடுசெய்யப்பட்டு, எண்ணிக்கை குறையாது என்பது பொருள். கொடுத்தவர் பெயர் கல்லில் இருந்தது. விளக்கின் சுடர்மேல் இருக்கவில்லை. இன்றோ குழல்விளக்கின் மேலேயே 'உபயம்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி, ஒளியில் பாதியைப் பெயரே மறைத்துவிடுகிறது. இதைக் கோயில்களில் கண்டு சிரிக்கும் நாம், நம் ஆலயங்களின் மின்விசிறிகளையும் ஆசனங்களையும் சுவரின் பளிங்குப் பலகைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது. புனிதரின் உருவத்தை அகற்றிய சுவரில் தருமகர்த்தாவின் பெயரை எழுதிய நாம், விக்கிரகத்தைக் குறித்து மற்றவர்களுக்குப் போதிக்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்த வேண்டும்.

ஆகவே குருவானவருக்குப் பின்வருமாறு எழுதினோம். காணிக்கையை மறுக்க வேண்டாம். ஆனால் அப்படியே ஏற்கவும் வேண்டாம். முதலாவது, அது சபைக்கு வரும் கொடையாதலால் சபையார் முன் வைக்கப்பட வேண்டும். அச்செவிலியர் விடுமுறையில் வரும்போது, கோப்நெட் யார், அந்தக் கண்ணாடியின் எதிரே தமக்கு என்ன நேர்ந்தது என்பதை அவரே ஆலயத்தில் சொல்லட்டும். சாட்சி முதலில் வரட்டும். சாளரம் பின்பு வரட்டும். இரண்டாவது, மூன்று சாளரங்களில் ஒன்று ஐரிஷ் விருந்தாளிக்கு இருக்கட்டும். மற்ற இரண்டையும் இம்மக்கள் அறிந்த சாட்சிகளுக்கு விட்டுவிட அவர் இசைவாரா என்று கேளுங்கள். ஒன்று ஓரியூரின் அருளானந்தருக்கு ஆகலாம். மற்றொன்று 1752இல் உயிர்நீத்து, 2022இல் உங்கள் திருச்சபையால் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்துக்கு ஆகலாம். மூன்றாவது, கொடையாளியின் பெயர் கண்ணாடியில் வேண்டாம். ஆலயப் பதிவேட்டில் இருக்கட்டும்.

குருவானவர் நம் முதல் இரண்டு ஆலோசனைகளையும் ஏற்றார். மூன்றாவதைச் செவிலியரே முன்னதாகக் கேட்டிருந்தார் என்றும், தம் பெயர் எங்கும் வரக்கூடாதென்பது அவருடைய முதல் கடிதத்திலேயே இருந்தது என்றும் பதில் எழுதினார். நாம் கற்பிக்கப் போய்க் கற்றுக்கொண்டோம். சபையார் இன்னும் கூடி முடிவெடுக்கவில்லை. சுவரில் மூன்று திறப்புகள் வெறுமையாகவே உள்ளன. இப்போதைக்கு அவற்றின் வழியே காற்று வருகிறது.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு சொல். ஏமி கார்மைக்கேல் 1951இல் தோனாவூரில் மறைந்தபோது, அவர் விருப்பப்படி கல்லறைக்கல் வைக்கப்படவில்லை. அவ்விடத்தில் இருப்பது பறவைகள் நீர் அருந்தும் தொட்டி. அதில் பிள்ளைகள் அவரை அழைத்த பெயர் மட்டும் உண்டு. அயர்லாந்திலிருந்து வந்த ஒரு சாட்சிக்குத் தமிழ் மண்ணில் அமைந்த நினைவுச் சின்னம் அது. நாளை உங்கள் சபைக்கு யாரேனும் ஒரு கொடையோடு வருவார்கள். விலையையும் அழகையும் ஆராயுங்கள், உபதேசத்தையும் ஆராயுங்கள். ஆனால் அதற்குமுன், கொண்டுவந்தவர் எந்த இரவைக் கடந்து வந்தார் என்று கேளுங்கள். நாம் அதைக் கடைசியில்தான் கேட்டோம்.